மாத்திரை ஏறுகிறது, டி.எஸ்.எச். இறங்கவில்லை: தைராய்டும் க்ளூட்டனும் சந்திக்கும் ஒரு நிகழ்வு ஆய்வு

பெண், வயது 34, எடை 62 கிலோ. ஹஷிமோட்டோ தைராய்டு அழற்சி (உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்) என்று தெரிந்து மூன்று வருடம் தாண்டிவிட்டது. தினமும் 150 மைக்ரோகிராம் லெவோதைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை, சுருக்கமாகத் தைராக்சின்) எடுக்கிறார். அப்படியும் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது ஏறும்) 9.8. ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) 6; அதுவும் பதினான்கு மாதம் விடாமல் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்ட பிறகு.

இவ்வளவு தெரிந்தாலே போதும், அடுத்த சோதனை சீலியாக் நோய்க்கானது என்று சொல்லிவிடலாம். கோதுமை, பார்லி, ரையில் உள்ள க்ளூட்டன் என்ற புரதத்தால் தூண்டப்பட்டு, சிறுகுடலைச் சேதப்படுத்தும் தன்னெதிர்ப்பு நோய் அது. ஆனால் அந்தச் சோதனை சரியான முறையில் நடக்க ஐந்து பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. யாரும் அலட்சியக்காரர்கள் இல்லை. ஆளுக்கு ஒரு பகுதியைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். எந்த மருத்துவரைத் தேடுவது, தேடிப் போனால் என்ன கேட்பது என்பதை இந்தக் கோப்பை வைத்தே சொல்லிவிட முடியும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இவர் ஒரு தனி நபர் அல்ல. இந்த நோய்களில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகளை ஒரே கோப்பாகக் கோத்து அமைத்த மாதிரி நிகழ்வு இது. நோயாளியின் எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. மருத்துவ அளவுகளும் விதிகளும் நடைமுறையில் உள்ளவை.

நடந்தது என்ன

முதல் பரிசோதனையில் டி.எஸ்.எச். 18.4. டி.பி.ஓ. ஆன்டிபாடி (தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருள்) 640, அந்த ஆய்வகத்தின் மேல் வரம்பு 35. பொது மருத்துவர் 75 மைக்ரோகிராமில் தொடங்கினார். மூன்று மாதத்தில் 8.6 ஆனது. 100 ஆக்கினார், 7.2. பிறகு 125 ஆக்கினார். இரண்டாம் வருடம் எடுத்தபோது 11.2-க்கு ஏறியிருந்தது; 150 கொடுத்தார். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி: "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" ஒவ்வொரு முறையும் "சாப்பிடுகிறேன் டாக்டர்" என்றுதான் பதில். அந்தப் பதில் நம்பப்படவில்லை.

கேட்க வேண்டிய கேள்விதான் அது. டி.எஸ்.எச். இறங்காததற்கு முதல் காரணம் பெரும்பாலும் மாத்திரை விட்டுப்போவதே. ஆனால் அதோடு கேள்வி முடிந்துவிடக் கூடாது. தைராய்டு சுரப்பி ஏறக்குறைய முழுதும் செயலிழந்தவருக்குக்கூட ஒரு கிலோ எடைக்கு 1.6 மைக்ரோகிராம் வீதம் போதும். 62 கிலோவுக்கு அது ஏறத்தாழ 100. இவர் எடுப்பது கிலோவுக்கு 2.4. சுரப்பியே இல்லாதவருக்குத் தேவையானதைவிட ஒன்றரை மடங்கு போய்க்கொண்டிருக்கிறது, பலன் இல்லை என்றால், மருந்து உள்ளே போய்ச் சேரவில்லை என்று பொருள். கிலோவுக்கு 2-ஐத் தாண்டும்போது குடலைப் பற்றி யோசிக்கத் தொடங்க வேண்டும். மருந்துச் சீட்டில் எடையை எழுதி வகுத்துப் பார்த்திருந்தால் 125-லேயே சந்தேகம் வந்திருக்கும்.

இதற்கிடையில் ஹீமோகுளோபின் 9.6-க்கு இறங்கியது. மகப்பேறு மருத்துவர், மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் என்பதால் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். தைராய்டு குறைந்தால் ரத்தப்போக்கு கூடும் என்பதால் அந்த விளக்கமும் பொருத்தமாகவே இருந்தது. ஆனால் அந்த மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் காலையில் ஒன்றாகப் போடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இரும்பு லெவோதைராக்சினைப் பிடித்துக்கொள்ளும்; கால்சியமும் அப்படியே. இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரம் வேண்டும். டி.எஸ்.எச். 7.2-இலிருந்து 11.2-க்கு ஏறியதில் இந்தத் தவறுக்கும் பங்கு உண்டு.

முடி கொட்டுகிறது என்று அவரே கடையில் வாங்கி பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) 10 மில்லிகிராம் தினமும் எடுத்தார். அடுத்த அறிக்கையில் டி.எஸ்.எச். 1.1, ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன்) வரம்புக்கு மேல். மருந்து கூடிவிட்டது என்று அளவை 100-க்குக் குறைத்தார்கள். பத்து வாரத்தில் டி.எஸ்.எச். 21. மருந்து கூடவே இல்லை. பயோட்டின் ஆய்வகக் கருவியை ஏமாற்றியிருக்கிறது. பல கருவிகள் பயோட்டினை ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தோடு ஒட்டவைக்கும் முறையில் இயங்குகின்றன. ரத்தத்தில் பயோட்டின் நிறைந்திருந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைவாகவும் ஃப்ரீ டி4 பொய்யாக அதிகமாகவும் வரும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்தியாக வேண்டும். முடிக்கும் நகத்துக்கும் விற்கும் பல மாத்திரைகளில் இது இருக்கிறது. அதை மருந்தாக யாரும் எண்ணுவதில்லை, அதனால் மருத்துவரிடம் சொல்வதும் இல்லை.

மூன்றாவதாகப் பார்த்த நாளமில்லாச் சுரப்பி நிபுணர் நிறையச் சரிசெய்தார். பயோட்டினை நிறுத்தினார், இரும்பை இரவுக்கு மாற்றினார், தைராக்சினை எழுந்தவுடன் வெறும் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பி, உணவு என்றார். அளவு மீண்டும் 150. எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். 9.8. முன்னேற்றம்தான், ஆனால் எல்லாத் தடைகளையும் விலக்கிய பிறகும் 9.8 என்பதுதான் உண்மையான தடயம். அவர் 175-க்கு உயர்த்தலாம் என்று எழுதினார். ஃபெரிட்டின் அறிக்கை மகப்பேறு மருத்துவரின் கோப்பில் இருந்தது. இந்த நிபுணரின் கைக்கு வரவே இல்லை.

டி.எஸ்.எச்., ஃபெரிட்டின் என்ற அந்த இரண்டு தாளையும் அருகருகே வைத்தால் விஷயம் பளிச்சென்று தெரிகிறது. இரும்பு உறிஞ்சப்படுவது முன்சிறுகுடலிலும் அதை ஒட்டிய பகுதியிலும். லெவோதைராக்சின் உறிஞ்சப்படுவது பெரும்பாலும் அதற்குக் கீழே உள்ள சிறுகுடலில். அடுத்தடுத்த இடங்கள். இரண்டு மாத்திரை, இரண்டு நோய், இரண்டு மருத்துவர், ஆனால் தோல்வி ஒரே குழாயில். சீலியாக் நோயில் சேதம் மேலிருந்து கீழே போகிறது. குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. வயிற்றுப்போக்கே இல்லாமல் இது வரலாம். பெரியவர்களில் ரத்தசோகை மட்டும், அல்லது காரணம் தெரியாத சோர்வு மட்டும் இருப்பது சாதாரணம். கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே தன் ஆய்வேட்டில் காட்டியது 1950-ல். வயிறு உப்பி, கைகால் சூம்பி, ஓயாமல் வயிற்றுப்போக்கில் வாடும் குழந்தை என்ற படம் அன்றிலிருந்து பலர் மனதில் அப்படியே நிற்கிறது. வேலைக்குப் போய் வரும், எடை குறையாத 34 வயதுப் பெண் அந்தப் படத்தில் பொருந்துவதில்லை.

நல்ல எண்ணத்தில் நடந்த பெரிய தவறு

நான்காவதாக அவர் போனது ஓர் ஊட்டச்சத்து ஆலோசகரிடம். தொண்ணூற்றுச் சொச்சம் உணவுகளுக்கான ஐ.ஜி.ஜி. (ரத்தத்தில் உள்ள ஒரு வகை ஆன்டிபாடி) பட்டியல் சோதனை எடுக்கப்பட்டது. கோதுமை உட்பட பதினெட்டு உணவுகளுக்குச் சிவப்புக் குறி. அந்தச் சோதனைக்கு நோய் கண்டறியும் மதிப்பு இல்லை. ஓர் உணவுக்கு ஐ.ஜி.ஜி. இருப்பது, அதைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் சொல்கிறது. ஆனாலும் அவர் க்ளூட்டனை நிறுத்தினார், ஐந்து வாரத்தில் வயிற்று உப்புசமும் மதிய நேரத்து மயக்கமும் குறைந்தன. ஏழு மாதம் அப்படியே தொடர்ந்தார்.

அதன் பிறகு பொது மருத்துவர், சீலியாக்கைக் கண்டறிய உதவும் ஆன்டிபாடி ரத்தச் சோதனையான டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. எழுதினார். முடிவு 7, வரம்பு 10. "சீலியாக் இல்லை" என்று கோப்பில் பதிவானது.

எங்களைப் பொறுத்தவரை இந்தக் கோப்பிலேயே அதிகம் வருத்தம் தரும் வரி இதுதான். அந்த ஆன்டிபாடி, க்ளூட்டன் உள்ளே போகும்வரைதான் உற்பத்தியாகும். நிறுத்திவிட்டால் மாதக்கணக்கில் இறங்கி இயல்புக்கு வந்துவிடும். குடல் திசுவும் மெல்ல ஆறும். ஏழு மாதம் கழித்து எடுத்த சோதனை "நோய் இல்லை" என்று சொல்லவில்லை, "இப்போது தூண்டுதல் இல்லை" என்றுதான் சொன்னது. அதே அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் இன்னொரு எண் இருந்தது: டி.எஸ்.எச். 4.6. 175 மாத்திரையை அவர் வாங்கவே இல்லை, 150-லேயே இருந்தார். அளவு மாறாமல் 9.8 எப்படி 4.6 ஆனது என்று யாரும் கேட்கவில்லை.

கேள்வி கேட்ட மருத்துவர்

ஐந்தாவது, குடல் நோய் நிபுணர். அவர் முதலில் கேட்டது மூன்று விஷயம்: கோதுமையை எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள்? டி.டி.ஜி. எந்தத் தேதியில் எடுத்தார்கள்? அதோடு மொத்த ஐ.ஜி.ஏ. அளவு பார்த்தார்களா?

மூன்றாவது கேள்வி முக்கியம். டி.டி.ஜி. சோதனை ஐ.ஜி.ஏ. வகை ஆன்டிபாடியைத்தான் அளக்கிறது. பிறவியிலேயே ஐ.ஜி.ஏ. குறைவாக உள்ளவர்களுக்கு நோய் இருந்தாலும் அது எதிர்மறையாக வரும். சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் இப்படி இருக்கிறார்கள். அவர்களுக்கு ஐ.ஜி.ஜி. வகை டி.டி.ஜி. அல்லது டி.ஜி.பி. ஆன்டிபாடி பார்க்க வேண்டும். (இது மேலே சொன்ன உணவுப் பட்டியல் ஐ.ஜி.ஜி. அல்ல, பெயர் ஒற்றுமையால் குழம்ப வேண்டாம்.) இவருக்கு மொத்த ஐ.ஜி.ஏ. இயல்பு.

அடுத்து ஹெச்.எல்.ஏ. மரபணுச் சோதனை. டி.க்யூ.2, டி.க்யூ.8 என்ற மரபணு வகைகள் இரண்டும் இல்லையென்றால் சீலியாக் ஏறக்குறைய இல்லவே இல்லை என்று கதவை மூடிவிடலாம். இருந்தால் எதுவும் நிரூபணமாகாது. பல மக்கள் கூட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இவற்றைச் சுமக்கிறார்கள். ஏற்கெனவே க்ளூட்டனை விட்டவருக்கு இதன் பயன் அதிகம், ஏனென்றால் உணவுமுறை மரபணுவை மாற்றாது. இவருக்கு டி.க்யூ.2 இருந்தது. கதவு திறந்தே இருந்தது.

ஆகவே மீண்டும் க்ளூட்டன் சாப்பிட்டுப் பார்க்க வேண்டிய கட்டம். தினம் 3 கிராம், குறைந்தது இரண்டு வாரம், தாங்கினால் எட்டு வாரம் வரை. ஒரு துண்டு கோதுமை ரொட்டியில் ஏறத்தாழ 2 கிராம் க்ளூட்டன் இருக்கும் என்பதால் அன்றாடம் ஒன்றரை இரண்டு துண்டு. முதல் பத்து நாள் அவருக்குக் கொடுமையாக இருந்தது. அளவைப் பாதியாக்கி மெல்ல ஏற்றினார்கள். எட்டாம் வாரம் டி.டி.ஜி. 46, டி.எஸ்.எச். 8.1. எண்டோஸ்கோப்பியில் முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதியிலிருந்து நான்கு துண்டு, அதன் தொடக்கக் குமிழிலிருந்து இரண்டு. சேதம் திட்டுத்திட்டாக இருக்கும், ஒன்றிரண்டு துண்டு எடுத்தால் தப்பிவிடும். முடிவு: மார்ஷ் என்ற குடல் சேத அளவுகோலில் 3ஏ. உறிஞ்சிகள் ஓரளவு தேய்ந்திருந்தன.

அதே சமயம் இரைப்பையிலிருந்தும் திசு எடுத்தார்கள். தன்னெதிர்ப்பு இரைப்பை அழற்சியும் ஹெலிகோபாக்டர் பைலோரி தொற்றும் இதே தோற்றத்தைத் தரும். இரைப்பையில் அமிலம் குறைந்தால் இரும்பும் தைராக்சினும் ஒருசேர உறிஞ்சப்படாமல் போகும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் நெடுநாள் எடுத்தாலும் அப்படியே. இவருக்கு இரைப்பை நன்றாக இருந்தது. சீலியாக் என்று தெரிந்த பிறகும் இதைச் சரிபார்த்ததில்தான் அந்த மருத்துவரின் தரம் தெரிகிறது.

எந்தக் கதவைத் தட்டுவது

'க்ளூட்டன், தைராய்டு நிபுணர்' என்ற பெயர்ப்பலகையைத் தேட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அந்தப் பலகையோடு வருபவர்களில் பலர் சோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்தச் சொல்கிறார்கள். முதல் படிக்குப் பொது மருத்துவர் போதும், டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ., மொத்த ஐ.ஜி.ஏ. இரண்டும் சாதாரண ரத்தச் சோதனைகள். அவை நேர்மறையாக வந்தாலோ, சந்தேகம் நீங்காவிட்டாலோ குடல் நோய் நிபுணர்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வழி உண்டு. முதல் வகை நீரிழிவுக்குத் தனிப் பிரிவு நடத்தும் மருத்துவமனைகளில், அந்த நோயாளிகளுக்குத் தைராய்டும் சீலியாக்கும் வழக்கமாகவே சோதிக்கப்படுகின்றன. மூன்றும் ஒரே தன்னெதிர்ப்புக் குடும்பத்து நோய்கள். அங்குள்ள நாளமில்லாச் சுரப்பி நிபுணர்களுக்கு இந்தச் சேர்க்கை புதிதல்ல. அவர்கள் எந்தக் குடல் நோய் நிபுணரிடம் அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். பல நாடுகளில் சீலியாக் நோயாளர் சங்கங்கள் இருக்கின்றன. சீலியாக் உணவுமுறையில் பழகிய உணவியல் நிபுணரும் நல்ல வழிகாட்டி. எந்த மருத்துவர் சரியாகக் கண்டுபிடித்து அனுப்புகிறார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

முதல் சந்திப்பில் நான்கு கேள்வி கேட்டால் போதும். சோதனைக்கு முன் கோதுமையை நிறுத்த வேண்டுமா? "கூடாது, சாப்பிட்டுக்கொண்டே வாருங்கள்" என்பது சரியான பதில். மொத்த ஐ.ஜி.ஏ. சேர்த்துப் பார்ப்பீர்களா? பயாப்ஸி எடுத்தால் எத்தனை துண்டு? சீலியாக் உறுதியானால் தைராக்சின் அளவை எப்போது மறுபடி பார்ப்பீர்கள்? கடைசிக் கேள்விக்கு "வருடம் ஒருமுறை" என்று பதில் வந்தால் கவனமாக இருங்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

நீங்கள் சொல்லும் விதமும் முக்கியம். "க்ளூட்டன்தான் தைராய்டுக்குக் காரணம் என்று படித்தேன்" என்று தொடங்கினால், எதிரில் இருப்பவர் அந்தக் கருத்தோடு வாதாடத் தொடங்குவார். "என் அளவு கிலோவுக்கு 2.4 மைக்ரோகிராம், டி.எஸ்.எச். 9.8, இரும்பு சாப்பிட்டும் ஃபெரிட்டின் 6. உறிஞ்சுவதில் கோளாறா என்று பார்க்கலாமா?" என்றால் வாதத்துக்கு இடமே இல்லை. அதற்கு ஒரே ஒரு தாள் போதும். இடப்பக்கம் தேதி, அதன் எதிரே தைராக்சின் அளவு, டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் நான்கும் ஒரே வரியில். கீழே எடை, மற்ற எல்லா மாத்திரைகளும் எடுக்கும் நேரமும், பயோட்டின் உட்பட. க்ளூட்டனைக் குறைத்திருந்தால் அந்தத் தேதி. ரத்த உறவில் யாருக்கு என்ன தன்னெதிர்ப்பு நோய் என்பது கடைசி வரி. முழு அறிக்கைக் கட்டு பையில் இருக்கட்டும், கேட்டால் மட்டும் எடுங்கள்.

விலக வேண்டிய அறிகுறிகள் இருபுறமும் உண்டு. "வயிற்றுப்போக்கு இல்லை, ஆகவே சீலியாக் இல்லை" என்பவர் ஒருபுறம். தைராக்சினை நிறுத்திவிட்டு உணவால் குணமாக்கலாம் என்பவர், தானே விற்கும் பொடியை எழுதுபவர், டி.பி.ஓ. எண்ணை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து அதைக் குறைப்பதே சிகிச்சை என்பவர் மறுபுறம்.

சீலியாக் இல்லையென்றால்

பெரும்பாலானோருக்கு இருக்காது. பொதுமக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்குச் சீலியாக். தன்னெதிர்ப்புத் தைராய்டு உள்ளவர்களில் அது கூடுதல், பல ஆய்வுகளில் நூற்றுக்கு 2 முதல் 5 வரை. மீதிப் பேருக்குச் சோதனை எதிர்மறையாக வந்து, கோதுமை சாப்பிட்டால் மட்டும் தொல்லை வந்தால், சீலியாக் அல்லாத க்ளூட்டன் கூருணர்வு என்று பெயர். இதற்கு ரத்தச் சோதனை எதுவும் கிடையாது. நிறுத்தி, மறைத்துக் கொடுத்து, மாற்றத்தை அளப்பதுதான் முறை. பலருக்குக் குற்றவாளி க்ளூட்டனே அல்ல, கோதுமையில் உள்ள ஃப்ரக்டான் என்ற கார்போஹைட்ரேட். நார்வேயில் 59 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், யாருக்கு எது கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுத்தபோது, க்ளூட்டனைவிட ஃப்ரக்டான்தான் அதிகத் தொல்லை தந்தது. சீலியாக் இல்லாத ஹஷிமோட்டோ நோயாளிக்குக் க்ளூட்டன் நிறுத்தினால் தைராய்டு தேறும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சிறிய ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இதை நேராகச் சொல்லும் மருத்துவரை, உங்கள் தொல்லையை மறுக்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள்.

உறுதியான பிறகு வந்த ஆபத்து

இவர் கண்டிப்பான உணவுமுறைக்குப் போனார்: கோதுமை, பார்லி, ரை மூன்றும் இல்லை, பொட்டலப் பொருளில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படாத க்ளூட்டன் என்ற சர்வதேச வரம்பு. மூன்றாம் மாதம் டி.எஸ்.எச். 1.9, எல்லோருக்கும் மகிழ்ச்சி. அடுத்த சோதனை ஆறு மாதம் கழித்து என்று எழுதிவிட்டார்கள். ஐந்தாம் மாதம் படபடப்பு, கைநடுக்கம், இரவில் தூக்கமின்மை. டி.எஸ்.எச். 0.06.

குடல் ஆறிவிட்டது, 150 மைக்ரோகிராமும் இப்போது உள்ளே போகிறது. நோய் தேறும்போதே மருந்து மிகையாகும் நேரம் இது. இதய நோயோ எலும்புத் தேய்மானமோ உள்ளவருக்கு இது விளையாட்டல்ல. உணவுமுறை தொடங்கிய நாளிலிருந்து முதல் வருடம் முழுக்க ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்த்திருக்க வேண்டும். அந்த இடைவெளிக்குக் காரணம், தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும். புதிய அளவில் நிலைகொள்ள ஐந்தாறு வாரம் வேண்டும். 125 ஆக்கினார்கள், பிறகு 100. பன்னிரண்டாம் மாதம் டி.எஸ்.எச். 2.1, ஃபெரிட்டின் 38, டி.டி.ஜி. 9. கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம், புத்தகத்தில் உள்ள அதே அளவு. எலும்பு அடர்த்தி, வைட்டமின் டி, பி12 மூன்றும் பார்த்தாயிற்று.

டி.பி.ஓ. ஆன்டிபாடி 580. அது பெரிதாக இறங்கவில்லை, இறங்க வேண்டிய அவசியமும் இல்லை. சுரப்பியின் நோய் அப்படியேதான் இருக்கிறது, தைராக்சின் வாழ்நாள் முழுக்கத் தொடரும்.

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுதல், ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவர் வரை. அம்மாவுக்கு டி.டி.ஜி. எதிர்மறை. தங்கைக்கு 29 வயது, அவரும் தைராக்சின் எடுப்பவர். அக்காவைப் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து நானும் கோதுமையை விட்டுவிடட்டுமா என்று கேட்டார். ரத்தம் கொடுத்து முடிவு வரும்வரை வழக்கம்போலச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். ரத்த மாதிரி அடுத்த வாரம்.